முறிந்துபோன சுரங்கமும் முறியாத கடனும்



ஊரில் ஒரு கடை முறிந்துபோனால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கடன் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் நிற்பார்கள். கொப்பியில் கணக்கு வைத்திருப்பவர் கொப்பியைக் காட்டுவார்; கையெழுத்து வாங்கி வைத்திருப்பவர் கடுதாசியைக் காட்டுவார். இருப்பதைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு முதலாளி கடையைப் பூட்டுவார். ஆனால் அந்தக் கடையில் இருபது வருடம் மூட்டை சுமந்து முதுகு வளைந்துபோன ஒரு கிழவரின் பெயர் எந்தக் கொப்பியிலும் இராது. முதலாளி அவருக்குக் கடன்பட்டிருக்கிறாரா, இல்லையா? சட்டத்தைக் கேட்டால் ஒரு பதில் வரும். மனச்சாட்சியைக் கேட்டால் வேறொரு பதில் வரும்.

இனி, அந்தக் கடையின் முதலாளி ஒரு தனி மனிதர் அல்லர், அரசாங்கமே என்று வைத்துக்கொள்ளுங்கள். முறிந்தது ஒரு சிறு கடை அன்று, ஒரு நகரம் முழுவதற்கும் சோறு போட்ட ஒரு சுரங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பொழுது அரசாங்கத்தின் கடமை என்ன? பொதுப் பணத்தைக் கொட்டிச் சுரங்கத்தை எப்படியாவது நடத்துவதா? நட்டம் நட்டந்தான் என்று கதவைப் பூட்டிவிட்டுப் போவதா? இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. கர்நாடக மாநிலத்திலுள்ள கோலார் தங்கவயலில் நம் இனத்தவரான தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவரின் வாழ்வில் எழுந்த கேள்வி. அதை வைத்தே இதைச் சிந்திப்பது நன்று.

தங்கம் விளைந்த ஊர்

பெங்களூருக்குக் கிழக்கே ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது கோலார் தங்கவயல். 1880ஆம் ஆண்டில் ஜோன் டெய்லர் அன் சன்ஸ் என்னும் ஆங்கில நிறுவனம் அங்கே நவீன முறையில் சுரங்கம் தோண்டத் தொடங்கியது. குழிக்குள் இறங்க ஆட்கள் வேண்டும். வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து, நிலமில்லாத, சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டிருந்த ஏழைத் தமிழர் குடும்பம் குடும்பமாக அங்கே சென்றனர். ஏறக்குறைய அதே காலத்தில்தான் அவர்களைப் போன்ற வேறு ஏழைகள் கடல் கடந்து நமது மலையகத்துக்கு வந்து கோப்பியையும் தேயிலையையும் வளர்த்தனர். இங்கே லயன் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். தங்கவயலிலும் தொழிலாளர் வாழ்ந்த வரிசைக் குடியிருப்புகளுக்கு லயன் என்றே பெயர்.

1902ஆம் ஆண்டிலே காவிரியாற்றின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீற்றர் தூரம் கம்பி இழுத்து இச்சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கே மின்சாரம் கிடைத்தது அதற்கு மூன்று வருடங்களின் பின்னர்தான். அத்தனை முக்கியத்துவம் அந்தத் தங்கத்துக்கு இருந்தது. மிகுந்த ஆட்கள் வேலை செய்த காலத்தில் முப்பதினாயிரம் பேர் வரையில் அங்கே உழைத்தனர். சாம்பியன் ரீப் என்ற சுரங்கம் மூன்று கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்துக்குச் சென்றது. அது உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று. அந்த ஆழத்தில் பாறையே கையைச் சுடும். மேலேயுள்ள பூமியின் பாரம் தாங்காமல் பாறைகள் திடீரென்று வெடித்துச் சிதறும். குழிக்குள் போனவன் மாலையில் ஏறி வருவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வெடிப்பிலே சாகாதவர்களையும் விடாத ஓர் எதிரி இருந்தது. பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்ணிய தூசு சுவாசப்பையில் படிந்து அதை மெல்ல மெல்ல இறுகச் செய்யும். சிலிக்கோசிஸ் என்பது அந்த நோயின் பெயர். தூசு உள்ளே போன பல ஆண்டுகளின் பின்னரே மூச்சு முட்டத் தொடங்கும். பூரணமாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. இப்படியாக நூற்றிருபது வருடங்களில் அந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட தங்கம் ஏறக்குறைய 800 தொன் என்று கணக்கிடப்படுகிறது.

ஒருவருக்கே நான்கு வேடம்

முதல் எழுபத்தைந்து வருடம் இச்சுரங்கங்கள் ஆங்கிலக் கம்பனிகளிடம் இருந்தன. தாதுவில் தங்கம் செறிந்திருந்த நல்ல காலம் அவர்களுடையது. ஆரம்ப ஆண்டுகளில் ஒரு தொன் தாதுவில் நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. அந்த வளம் குறைந்துவிட்ட நிலையில், 1956இல் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களைத் தேசியமயமாக்கியது. 1962இல் மத்திய அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் லிமிடெட் என்ற அரசாங்கக் கம்பனி உருவாகியது.

இங்கேதான் கவனிக்கவேண்டிய விடயம் இருக்கிறது. அரசாங்கம் அச்சுரங்கத்தின் உடைமையாளர் மட்டுமன்று. வெட்டியெடுத்த தங்கத்தை வாங்கியதும் அரசாங்கமே. 1960களில் தங்கம் வெளிச்சந்தையில் விற்கப்படவில்லை. சர்வதேச நாணய நிதியத்தின் உத்தியோக விலைக்கு அதை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அப்பொழுது அந்த விலை ஓர் அவுன்சுக்கு 35 டொலர். உள்நாட்டுச் சந்தையிலே தங்கம் அதைவிடக் கூடிய விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நாட்டின் கையிருப்பைப் பெருக்குவதற்காக அப்படிச் செய்தார்கள். அந்த நோக்கத்தைக் குறை கூற முடியாது. ஆனால் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். உங்கள் தோட்டத்து வெங்காயத்தைச் சந்தை விலைக்குக் குறைவாக ஒருவரே வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டு, பிறகு அவரே வந்து, "உமது தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது" என்று சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அந்த நட்டத்தில் ஒரு பங்கு அவர் வீட்டுப் பெட்டகத்தில் இலாபமாக இருக்கிறது என்று சொல்லமாட்டீர்களா?

பின்னர் இந்தியாவில் நலிவுற்ற தொழில் நிறுவனங்களை விசாரித்து, அவற்றைச் சீரமைப்பதா கலைப்பதா என்று முடிவு கூற ஒரு சபை அமைக்கப்பட்டது. 1992இல் கோலார் கம்பனி அச்சபையின் முன் சென்றது. சபை 2000ஆம் ஆண்டில் கம்பனியைக் கலைத்துவிடச் சிபாரிசு செய்தது. சபையும் அரசாங்கத்தால் அமைக்கப்பட்டதே. மூடுவதற்கு அனுமதி கேட்டதும் அரசாங்கக் கம்பனியே. அனுமதி கொடுத்ததும் அரசாங்கமே. 2001ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் திகதியுடன் சுரங்கம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலையை இழந்தனர்.

உடைமையாளர், வாங்குபவர், விலை தீர்ப்பவர், நீதிபதி ஆகிய நான்கு வேடங்களையும் ஒருவரே போட்டிருந்தார். ஆகவே கடைசி நாளில் அவர் வந்து, "நான் வெறும் பங்குதாரர், கம்பனி முறிந்தால் என் பொறுப்பும் முடிந்தது" என்று சொல்ல முடியாது. இதுவே நாம் முதலாவதாக ஒப்புக்கொள்ள வேண்டிய நியாயம்.

மூடியது தவறா?

அப்படியானால் சுரங்கத்தை மூடியிருக்கவே கூடாது என்று நான் சொல்ல வருவதாக நினைத்துவிடாதீர்கள். அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறுவது சுலபம். மறுபக்கத்தையும் பார்ப்பதுதான் நீதி.

கடைசிக் காலத்தில் ஒரு தொன் தாதுவிலிருந்து கிடைத்த தங்கம் மூன்று கிராம் அளவுதான். ஆழம் கூடக் கூடச் செலவும் கூடியது. அந்த நட்டத்தை ஈடுசெய்தது திறைசேரிப் பணம். திறைசேரிப் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. தீப்பெட்டி வாங்கும் ஏழையும் கட்டுகிற வரி அது. ஓர் ஊர்த் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுப்பதற்காக வேறோர் ஊரில் கிணறும் பள்ளிக்கூடமும் கட்டப்படாமல் போகுமானால், அதையும் தர்மம் என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்றும் உண்டு. மூன்று கிராம் தங்கத்துக்காக ஒரு மனிதனை பூமிக்குள் மூன்று கிலோமீற்றர் ஆழத்துக்கு இறக்கி, தூசைச் சுவாசிக்கவைத்து, "உனக்கு வேலை கொடுத்திருக்கிறோம்" என்று சொல்வது இரக்கமா? வேலை மனிதனுக்காக உண்டானதேயன்றி மனிதன் வேலைக்காக உண்டானவன் அல்லன். வாக்குகளுக்காகச் செத்த சுரங்கத்துக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பதும் தொழிலாளிமீது கொண்ட அன்பாகாது.

ஆகவே நடத்துவதும் நியாயமாக இருக்கலாம். மூடுவதும் நியாயமாக இருக்கலாம். அது தாதுவையும் விலையையும் செலவையும் பொறுத்தது. விபரம் தெரிந்தவர்கள் தீர்மானிக்க வேண்டிய காரியம். ஆனால் ஒன்று மட்டும் எந்த நிலையிலும் நியாயமாகாது. நடத்தாமலும், ஒழுங்காக மூடாமலும், மற்றவர் நடத்த விடாமலும் இழுத்தடிப்பதே அது. கோலாரில் நடந்த அநீதி இதுதான் என்பது என் எண்ணம்.

முடிவெடுக்காத பாவம்

வருடங்களைப் பாருங்கள். நலிவுற்ற கம்பனியென்று சபைக்குப் போனது 1992இல். மூடப்பட்டது 2001இல். அந்த ஒன்பது வருடமும் இன்றோ நாளையோ என்று தொழிலாளர் காத்திருந்தனர். மூடிய பின்னர் வழக்குகள். தொழிலாளர்கள் தாமே சங்கமாகச் சேர்ந்து சுரங்கத்தை நடத்தவும் முன்வந்தார்கள். 2006இல் உலகளாவிய ரீதியில் கேள்விப்பத்திரம் கோருவதென்று மத்திய அமைச்சரவை தீர்மானித்தது. அதற்கும் வழக்கு. 2013இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. அதன் பிறகும் சுரங்கம் திறக்கவில்லை. 2024ஆம் ஆண்டில்தான், பழைய கழிவு மண்மேடுகள் பதின்மூன்றிலிருந்து எஞ்சிய தங்கத்தைப் பிரித்தெடுக்கும் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை சம்மதம் தெரிவித்தது. 2001இல் பத்து வயதாயிருந்த பிள்ளை அப்பொழுது முப்பத்துமூன்று வயதுக்காரன்.

இதற்கிடையில் நீரிறைக்கும் இயந்திரங்கள் நின்றதால் குழிகளில் நீர் நிறைந்தது. பாரந்தூக்கிகள் துருப்பிடித்தன. சுரங்கம் மூடப்பட்ட ஆண்டில் தங்கம் ஓர் அவுன்சு ஏறக்குறைய 270 டொலருக்கு விற்றது. பத்து வருடத்தில் அது 1,800 டொலரைத் தாண்டியது. 2024இல் 2,500 டொலரையும் கடந்தது. விலை இப்படி ஏறுமென்று 2001இல் எவருக்குத் தெரியும் என்று கேட்கலாம். உண்மைதான், எதிர்காலத்தை அறியாததற்காக எவரையும் குற்றஞ்சாட்ட முடியாது. ஆனால் எதிர்காலம் நமக்குத் தெரியாது என்பதனாலேயே, மீண்டும் திறக்கக்கூடிய விதத்தில் ஒரு கதவை மூடவேண்டியது அவசியமாகிறது. தண்ணீரில் மூழ்க விட்ட சுரங்கத்தைத் திரும்பத் திறப்பது எளிதன்று.

தங்கவயல் மக்கள் என்ன செய்தார்கள்? விடியுமுன்னே மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் புகையிரதத்தில் ஏறி, பெங்களூருக்குப் போய், கிடைத்த வேலையைச் செய்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு இதுவே வாழ்க்கையாயிற்று. காற்றுக் காலத்தில், ஏறக்குறைய 3 கோடியே 30 இலட்சம் தொன் கழிவு மண் குவிந்து கிடக்கும் அந்தச் 'சயனைட் மலை'களிலிருந்து தூசு கிளம்பி வீடுகளுக்குள் படிகிறது. முன்பு குழிக்குள் இறங்கிய அப்பாவின் சுவாசப்பைக்குள் போன தூசு, இப்பொழுது குழியையே காணாத பிள்ளையின் தட்டிலும் விழுகிறது.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் நாம் ஆத்தும சோதனை செய்கிறோமல்லவா? செய்த தீமைகளை மட்டுமன்றி, செய்யக் கடமைப்பட்டிருந்தும் செய்யாமல் விட்டவற்றையும் எண்ணிப் பார்க்கிறோம். அரசாங்கங்களின் பாவங்களுள் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகிறது. எவரும் கொடுமை செய்யவில்லை. எவரும் கையெழுத்தும் போடவில்லை. ஆனால் அந்தக் கோப்புக்குள் ஒரு நகரம் இருக்கிறது.

வேறு விதமாகவும் செய்யலாம்

ஜெர்மனியின் ரூர் பிரதேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நிலக்கரிச் சுரங்கங்கள் நட்டத்தில் விழத் தொடங்கியபோது, 1968இல் பல கம்பனிகளின் சுரங்கங்களை ஒன்றாக இணைத்து, அரசாங்க ஆதரவுடன் ஒரு நிறுவனம் அமைத்தார்கள். அதற்கும் ஏராளமான பொதுப் பணம் செலவாயிற்று, குறைகூறியவர்களும் பலர். ஆனால் 2007இல் மத்திய அரசாங்கம், மாநில அரசாங்கங்கள், நிறுவனம், தொழிற்சங்கம் எல்லாரும் கூடியிருந்து, 2018ஆம் ஆண்டுடன் நிலக்கரி வெட்டுவதை நிறுத்துவதென்று உடன்பட்டார்கள். பதினொரு வருட முன்னறிவித்தல்! வயதானவர்கள் முன்கூட்டியே ஓய்வு பெற்றார்கள். இளைஞர் வேறு தொழில் பழகினார்கள். கட்டாய ஆட்குறைப்பு இல்லாமல் முடிப்பதே நோக்கம். 2018 டிசம்பர் 21ஆம் திகதி கடைசி நிலக்கரித் துண்டை மேலே கொண்டுவந்து நாட்டின் ஜனாதிபதியின் கையில் கொடுத்தார்கள். அவர்கள் வேறொன்றையும் மறக்கவில்லை. சுரங்கம் மூடினாலும் நிலத்தடி நீரை என்றென்றைக்கும் இறைத்துக்கொண்டேயிருக்க வேண்டும். அந்த முடிவில்லாச் செலவுக்கென்றே ஒரு நிதியத்தை ஏற்படுத்தினார்கள். அது 2019 தொடக்கம் அந்தப் பொறுப்பைச் சுமந்து வருகிறது.

"ஜெர்மனி பணக்கார நாடு, ஏழை நாடுகளுக்கு இது முடியுமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. அத்தனை பணம் எல்லாரிடமும் இல்லை. ஆனால் உண்மையை முன்கூட்டியே சொல்வதற்குப் பணம் வேண்டியதில்லை. தொழிலாளரை மேசைக்கு அழைத்து அவர்களோடு பேசுவதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு திகதியைக் குறித்து அதைக் காப்பாற்றுவதற்குத் துணிவு வேண்டுமேயன்றிப் பணம் வேண்டியதில்லை. சொல்லப்போனால், இழுத்தடிப்பதுதான் எல்லாவற்றிலும் அதிகச் செலவு. அந்தச் செலவு அரசாங்கக் கணக்கில் வராமல் ஏழையின் கணக்கில் வருகிறது, அவ்வளவே.

கடன்காரர் யார்?

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். கம்பனி முறிந்தால் முதலில் யாருக்குக் கொடுக்கவேண்டும்? 1985இல் இந்தியக் கம்பனிச் சட்டத்தைத் திருத்தி, தொழிலாளருக்குச் சேரவேண்டிய நிலுவையை, ஈடு பிடித்துக் கடன் கொடுத்தவர்களின் கடனுக்குச் சமமான வரிசையில் வைத்தார்கள். அது நல்ல திருத்தம். ஆனால் சட்டம் எண்ணக்கூடியதை மட்டுமே எண்ணும். மூடிய பத்து வருடத்தின் பின் மூச்சு முட்டத் தொடங்கும் மனிதனின் கடனை எந்தக் கணக்காளர் எழுதி வைப்பார்? இருபத்தைந்து வயதில் விதவையானவளின் கடனை? தூசு விழும் சோற்றை உண்ணும் பிள்ளையின் கடனை?

இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், தொழிலாளிக்கு நேரே சம்பளம் கொடுப்பவர் மட்டுமே வேலை கொள்வோர் அல்லர், அந்த வேலையின் நிலைமைகளைத் தீர்மானிக்கும் அரசும் பிற அமைப்புகளும் மறைமுகமாக வேலை கொள்வோரே என்றும், முதலைவிட உழைப்புக்கே முதலிடம் என்றும் விளக்கினார். கோலாரில் அரசாங்கம் மறைமுகமாகவும் நேராகவும் வேலை கொண்டது. ஆகவே அதன் பொறுப்பு இரட்டிப்பானது.

இந்தப் பொறுப்பை நான் மூன்று கடமைகளாகக் காண்கிறேன். முதலாவது, உண்மை: சுரங்கத்துக்கு எத்தனை காலம் ஆயுள் என்பதைத் தேர்தலுக்குப் பயந்து மறைக்காமல் காலத்தோடு சொல்லுதல். இரண்டாவது, முறை: இருப்பது கொஞ்சமானாலும், உடலைக் கொடுத்தவனுக்கு முதலிலும் பணத்தைக் கொடுத்தவனுக்குப் பிறகும் பங்கிடுதல். மூன்றாவது, சுத்தம்: தோண்டிய நிலத்தையும் கெடுத்த காற்றையும் நீரையும் சீர்செய்யாமல் வெளியேறாதிருத்தல். இம்மூன்றும் நிறைவேறுமானால் சுரங்கம் நடந்தாலும் நீதி, மூடினாலும் நீதி.

வாசகர்களே, இதெல்லாம் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் சொல்லவேண்டியது, எங்களுக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். பத்திரிகையில், "நட்டத்தில் இயங்கும் கூட்டுத்தாபனம்" என்ற தலைப்பைக் காணும்போது நம்மில் ஒரு பகுதியார் உடனே "மூடுங்கள்" என்கிறோம். மறுபகுதியார் உடனே "மூடாதீர்கள்" என்கிறோம். இரண்டும் யோசியாமல் சொல்லும் பதில்களே. இனிமேல் வேறு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம்: இந்த நட்டத்தினால் இதுவரை இலாபமடைந்தவர் யார்? அங்கே வேலை செய்வோருக்கு உண்மை சொல்லப்பட்டதா? மூடிய மறுநாள் அந்த ஊருக்கு யார் பொறுப்பு? குடிமக்கள் இதைக் கேட்காத நாட்டில் கோப்புகள் மேசைகளில் நிம்மதியாகத் தூங்கும்.

நம் வீடுகளிலும் தங்கம் இருக்கிறது. கலியாணத்துக்கு வாங்கிய கொடியும், பிள்ளையின் நற்கருணை நாளுக்கு அணிவித்த சங்கிலியும் எந்தக் குழியிலிருந்து வந்தனவோ, யார் அறிவார்? எந்தக் குழியிலிருந்து வந்தாலும், அதை வெட்டியவன் ஒருவன் இருந்தான். மூட்டை சுமந்த கிழவரைப்போல அவனுடைய பெயரும் எந்தக் கொப்பியிலும் இல்லை. ஆயினும் அவன் கடன்காரன்தான், நாம் கொடுக்கவேண்டியவர்கள்தான். கம்பனி முறியலாம். அந்தக் கடன் முறிவதில்லை.